பழைய பேப்பர் கட்டிங்: லேமினேட் செய்யலாமா? எதை முதலில் செய்வது?

படிப்பகம்_டெல்டா

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பேப்பர் கட்டிங் வந்திருக்கிறது. எல்லாம் காவிரி, மேட்டூர் அணை திறப்பு, குறுவை சாகுபடி, டெல்டா விவசாயிகள் போராட்டம் சம்பந்தப்பட்டவை. 1960களில் தொடங்கி 1990களின் கடைசி வரை இருக்கிறது. ஆயிரத்துக்குக் குறையாது.

பாதி உதிரி. நான்காக மடித்து, குண்டூசியோ ஸ்டேப்பிளோ குத்தியிருக்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி லாங் சைஸ் நோட்டில் மைதா பசையால் ஒட்டியது. கொஞ்சம் செலோடேப் போட்டது. டேப் தானாக உரிந்துவிட்டது, அது இருந்த இடம் மட்டும் தேன் நிறத்தில் கறையாக நிற்கிறது. மடிப்பைத் தொட்டாலே ஒடிகிறது. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. பலவற்றில் தேதியே இல்லை.

ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து தருகிறேன் என்கிறார்கள். செய்துவிடலாமா? ஸ்கேன் எடுத்துவிட்டால் மூலத்தை வைத்திருக்கத்தான் வேண்டுமா? ஒரு ஏ4 ஸ்கேனரும் கணினியும் உண்டு. பெரிய செலவுக்கு வழியில்லை.

---

ஏடுகாப்பு

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கடை ஷீட்டின் உள்பக்கம் பசை பூசியிருக்கும். சூடான உருளைக்குள் போகும்போது அந்தப் பசை உருகித் தாளின் இழைக்குள் இறங்கிவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி வேலை செய்யும். ஆவணக் காப்பகங்களில் லேமினேஷன் என்று சொல்வது வேறு. தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவான முறையில் முதலில் அமிலத்தை நீக்குவார்கள். பிறகு செல்லுலோஸ் அசிடேட் படலத்தையும் மெல்லிய டிஷ்யூ தாளையும் வைத்து அசிடோன் தொட்டு ஒட்டுவார்கள். சூடு கிடையாது, தேவைப்பட்டால் அசிடோனிலேயே பிரித்துவிடலாம். திரும்பப் பிரிக்க முடியுமா என்று எந்த வேலைக்கும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் தொடாதீர்கள்.

கெடுவது தாள்தான், மை இல்லை. கறுப்பு மை கரித்தூளில் செய்தது; அது மங்காது. செய்தித்தாளோ மரத்தை அப்படியே அரைத்த கூழ். மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீங்காமல் அதிலேயே கிடக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாகும். அமிலம் செல்லுலோஸ் இழையைத் துண்டு துண்டாக்கும், அதனால் மடிப்பு ஒடியும். பழுப்பாவதைக் குறைக்க இருட்டு போதும். ஒடிவதைக் குறைக்க வேண்டுமென்றால் சூட்டையும் ஈரத்தையும் குறைத்தே ஆக வேண்டும். அதனால் வெயிலில் காயவைக்கும் பழக்கம் அறவே கூடாது.

உதிரிகளில் தொடங்குங்கள். முதல் வேலை இரும்பை அகற்றுவது. ஸ்டேப்பிளைப் பிடித்து இழுக்காதீர்கள். கட்டிங்கைக் குப்புறப் போட்டு, மடங்கிய இரண்டு கால்களுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுங்கள். மொண்ணைக் கத்தியால் கால்களை நிமிர்த்திவிட்டு, திருப்பிப் போட்டு முன்பக்கமாகத் தூக்குங்கள். பிளாஸ்டிக் துண்டு இல்லாமல் செய்தால் துருவோடு தாளும் சேர்ந்து வரும்.

அடுத்தது மடிப்பு. காய்ந்த தாளை விரித்தால் ஒடியும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரத்துணி, அதன்மேல் உயரமான கம்பித் தட்டு, தட்டின்மேல் மடித்தபடியே கட்டிங். தண்ணீர் எங்கேயும் தாளைத் தொடக் கூடாது. மூடியிலிருந்து சொட்டும் என்பதால் மூடியின் உள்பக்கமும் ஒரு காய்ந்த துணி கட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாள் பழைய வேட்டி போலத் துவண்டுவிடும். அப்போது விரித்து, இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு (ஈரத்தை உறிஞ்சும் தாள்) நடுவில் வைத்து, மேலே பலகையும் கனமான புத்தகங்களும். மறுநாள் பிளாட்டிங்கை மாற்றி இன்னொரு நாள். டப்பாவில் ராத்திரி முழுக்க விட்டால் பூசணம் பிடித்துவிடும். இஸ்திரி போட வேண்டாம்.

வைப்பதற்கு விலையுயர்ந்த உறை தேவையில்லை. பாக்கெட்டில் அமிலமற்றது என்று அச்சிட்ட ஏ3 ஜெராக்ஸ் தாளை நடுவில் மடித்தால் ஏ4 உறை ஆயிற்று. ஓர் உறைக்கு ஒரு கட்டிங். இந்தத் தாளில் கால்சியம் கார்பனேட் சேர்ந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அது வாங்கிக்கொள்ளும். ஒரு கட்டிங்கின் அமிலம் அடுத்ததற்குத் தாவுவதும் நிற்கும். பழைய புத்தகத்துக்குள் செருகிவைத்த கட்டிங், இரண்டு பக்கத்திலும் தன் அளவுக்குப் பழுப்புச் சதுரம் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

அடிக்கடி பிறர் கையில் எடுக்கும் கட்டிங்குக்கு மட்டும் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் கவர் போடலாம். பின்னால் அமிலமற்ற தாள் ஒன்று கட்டாயம், இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடிய கவருக்குள் அமிலத்தாளை மட்டும் வைத்தால் வெளியில் கிடப்பதைவிட வேகமாகக் கெடும். மூக்கைத் துளைக்கும் வாசனை வரும் பிவிசி கவர் கூடாது. நாளடைவில் மையே அதில் ஒட்டிக்கொள்ளும்.

மில்க் ஆஃப் மக்னீசியா கலந்த சோடாவில் ஊறவைத்து அமிலத்தை நீக்கும் முறை இணையத்தில் சுற்றுகிறது. ஒடியும் நிலையில் உள்ள செய்தித்தாள் நனைந்தால் தூக்கும்போதே இரண்டாகிவிடும். மரக்கூழ்த் தாள் காரத்தில் பட்டால் இன்னும் மஞ்சளாகவும் செய்யும். உங்களுக்கு அது வேண்டாம்.

---

ஸ்கேன்மேடை

ஸ்கேன் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூடியின் வெள்ளைப் பரப்பு பட்டால் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் ஊடுருவித் தெரியும். செய்தித்தாள் அவ்வளவு மெல்லியது. கட்டிங்கின் மேல் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒன்றைப் போட்டுவிட்டு மூடுங்கள். இந்த ஒரு காரியத்தில் எழுத்துணரியின் (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் மென்பொருள்) பிழை பாதி குறைந்துவிடும் என்றே சொல்வேன். பின்னணி கொஞ்சம் மங்கலாக வரும், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளைதானே என்று கிரே எடுத்தால் பழுப்புக் கறையும் எழுத்தும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். வண்ணத்தில் எடுத்தால் பிறகு கறையைப் பிரிக்க முடியும். ஏ4 முழுப் பரப்பு 400 டிபிஐயில் சுருக்காத டிஃப் கோப்பாக ஏறக்குறைய 46 எம்பி வரும். ஆயிரம் கட்டிங் என்றால் 46 ஜிபி. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு அது பெரிதல்ல. மூலக் கோப்பு டிஃப் ஆகவே இருக்கட்டும், படிக்கக் கொடுப்பதற்கு ஜேபெக் போதும். ஒரு பிரதி படிப்பகக் கணினியில், இன்னொன்று வெளி டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் அல்லது கிளவுடில்.

படம் உள்ள கட்டிங்கில் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் கட்டமும் மோதி அலை அலையாகக் கோலம் விழும். அதற்கு 600 டிபிஐயில் எடுத்து 300க்குக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். மென்பொருளில் டீஸ்கிரீன் என்ற தேர்வு இருந்தால் படத்துக்கு மட்டும் போடுங்கள்; எழுத்துக்குப் போட்டால் புள்ளி வைத்த மெய்யெல்லாம் மழுங்கிவிடும். தமிழில் அந்தப் புள்ளி போனால் சொல்லே போயிற்று.

ஏ4 அளவுக்கு மேல் நீளமான பத்தியை இரண்டாக எடுங்கள், 3 செ.மீ.யாவது இரண்டிலும் பொதுவாக இருக்கட்டும். தாளைத் தானே இழுக்கும் ஃபீடரில் ஒரு கட்டிங்கைக்கூட விடாதீர்கள்.

டெசராக்ட் என்ற எழுத்துணரியின் தமிழ் மாதிரி இலவசம், நன்றாகவே வேலை செய்யும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுக்க வேண்டும்; முழுக் கட்டிங்கைக் கொடுத்தால் ஒரு பத்தியின் வரியோடு பக்கத்துப் பத்தியின் வரியைச் சேர்த்துப் படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கட்டிங்குகளில் துதிக்கை போட்ட லை, னை, ணை, சுழித்த றா, னா, ணா எல்லாம் வரும். இவற்றில் அது தடுமாறும். அரசாணை வந்த பிறகும் எல்லாப் பத்திரிகையும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 'அணை', 'தலைமடை' மாதிரிச் சொற்கள்தாம் உங்கள் தொகுப்பின் உயிர். 'அணை' என்று தேடினால் பழைய கட்டிங் ஒன்றும் அகப்படாது. அதனால் கோப்புப் பெயரையும் அட்டவணையையும் கையால்தான் எழுத வேண்டும்.

கோப்புப் பெயர் இப்படி: 1974-06-12_தினத்தந்தி_திருச்சி_ப3_மேட்டூர். வருஷம் முதலில் வந்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். பதிப்பு ஊரை விடாதீர்கள். ஒரே நாள், ஒரே பத்திரிகை, திருச்சிப் பதிப்பில் வந்த வட்டாரச் செய்தி சென்னைப் பதிப்பில் இருக்காது.

ஸ்கேன் எடுத்துவிட்டோம் என்று மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஓரக் குறிப்பு, பின்பக்கம், தாளின் தரம் எல்லாம் சாட்சி. பின்பக்கத்தையும் ஒரு முறை ஸ்கேன் எடுங்கள். ஏன் என்று அடுத்து வருபவர்கள் சொல்வார்கள்.

---

நாட்காட்டி_ஆய்வு

அந்தப் பின்பக்கம்தான் தேதியில்லாத கட்டிங்குக்கு முதல் தடயம். சினிமா விளம்பரம் இருந்தால் எந்தப் படம், வெளியான வாரமா, நூறாவது நாளா என்று பார்த்து மாதம் வரைக்கும் போய்விடலாம். அரசு டெண்டர் விளம்பரம் இருந்தால் இன்னும் நல்லது, கடைசித் தேதி அதிலேயே இருக்கும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. விலை 'ந.பை.' என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் தொகுப்பு காவிரி என்பதால் செய்தியே தேதி சொல்லும். 'மைசூர் அரசு' என்று இருந்தால் 1973 நவம்பர் 1க்கு முந்தையது. அன்றைக்குத்தான் அந்த மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. காவிரி நடுவர் மன்றம் அமைந்துவிட்டதாகப் பேசினால் 1990 ஜூன் 2க்குப் பிந்தையது. 'இடைக்காலத் தீர்ப்பு, 205 டி.எம்.சி.' என்று வந்தால் 1991 ஜூன் 25க்குப் பிறகு. நாகப்பட்டினம் தனி மாவட்டமாக வந்தால் 1991க்கும், திருவாரூர் மாவட்டம் வந்தால் 1997க்கும் முந்தையதாக இருக்க முடியாது. 'தமிழ்நாடு' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14இல்தான் மாறியது என்றாலும், தமிழ்ப் பத்திரிகைகள் அதற்கு வெகு முன்பே தமிழ்நாடு என்று எழுதின. அரசு அறிவிப்பில் வந்தால்தான் அது சான்று.

தேதி வரியில் பாதி கிழிந்து, வருஷம் மட்டும் இல்லாமல் இருந்தால் கிழமை கைகொடுக்கும். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் என்பதால் அந்தத் தேதியில் உங்களிடம் நிறைய இருக்கும். 'ஜூன் 12, புதன்கிழமை' என்று மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960 முதல் 1999 வரை அது 1963, 1968, 1974, 1985, 1991, 1996 ஆகிய ஆறு ஆண்டுகளில் மட்டுமே வரும். தமிழ் வருஷத்தின் பெயரில் ஓரெழுத்து தெரிந்தாலும் போதும்: அந்த ஆறும் முறையே சோபகிருது, கீலக, ஆனந்த, குரோதன, பிரஜோற்பத்தி, தாது. 'க' என்று தொடங்கும் எழுத்தின் கொம்பு 'கீ' என்று வளைந்தால் 1968 முடிந்தது.

செய்தியில் அணையின் நீர்மட்டம் இருந்தால் பொதுப்பணித் துறையின் தினசரிப் பதிவோடு ஒப்பிடலாம். முழு மட்டம் 120 அடி. ஒரே மட்டம் ஆண்டில் பல நாள் வரும் என்பதால் நீர்வரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் உறுதிப்படுத்த சென்னைக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. வெளியாகும் நூல்களை நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954 சட்டத்தின் கீழ் நூல்கள் வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. 1956 திருத்தத்துக்குப் பிறகு செய்தித்தாள்களும் சேர்ந்தன. மாதம் வரைக்கும் குறுக்கிவிட்டுப் போனால் கட்டுத் தொகுதியில் தேடலாம். வருஷமே தெரியாமல் போவதில் பயனில்லை.

ஊகித்த தேதியைச் சதுர அடைப்பில், கேள்விக்குறியோடு எழுதுங்கள்: [1974-06?]. காரணத்தையும் பக்கத்தில் ஒரு வரி: 'கர்நாடக அரசு, புதன்'. எல்லாம் உறையின் மேல், 2பி பென்சிலால். பால்பாயின்ட் பேனா கட்டிங்கின் பக்கமே வரக் கூடாது.

---

படிப்பகம்_டெல்டா

எல்லோருக்கும் மிக்க நன்றி. பின்பக்கத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். நோட்டில் ஒட்டியவற்றைப் பெயர்த்து எடுக்கலாமா, செலோடேப் கறைக்கு வழி உண்டா? பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா?

---

பைண்டிங்_பட்டறை

நோட்டைப் பிரிக்காதீர்கள் சார். சேர்த்தவர் எந்தச் செய்திக்குப் பக்கத்தில் எதை ஒட்டினார், ஓரத்தில் என்ன எழுதினார் என்பதும் ஆவணம்தான். நோட்டை அப்படியே பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துவிட்டு, ஒட்டிய பக்கங்களுக்கு நடுவில் மெல்லிய அமிலமற்ற தாள் செருகுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் போட்டால் முதுகு புடைத்துத் தையல் தெறிக்கும். அப்படிப் புடைத்தால் ஒன்று விட்டு ஒன்று போடுங்கள். நோட்டைப் படுக்கை வசமாகத்தான் வைக்க வேண்டும்.

கட்டிங்கின் மேல் இன்னொரு கட்டிங்கை ஒட்டி மறைத்திருந்தால் மட்டும் பெயர்க்கலாம். மைதா பசை ஈரத்துக்கு இளகும். பிளாட்டிங் பேப்பரை நனைத்து நன்றாகப் பிழிந்து, மேலே 20 நிமிஷம் வைத்து, ஒரு மூலையிலிருந்து மெல்லிய எலும்புக் கத்தியை விட்டுப் பாருங்கள். நகரவில்லை என்றால் மறுபடி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. முன்னதாக ஓர் எழுத்தின் மேல் ஈரப் பஞ்சை ஒற்றி மை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக வண்ணத் தலைப்புகளில். ஃபெவிக்காலில் ஒட்டியிருந்தால் தொட வேண்டாம், அது ஈரத்துக்கு இளகாது.

பழைய நோட்டில் பசை இருக்கும் இடம் பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் மயில்துத்தம் கலந்த பசை. பூச்சி வராது என்று கலப்பார்கள். பூச்சி வராதுதான், ஆனால் அதிலுள்ள செம்பு தாளைச் சீக்கிரம் அரித்துவிடும். அந்தப் பக்கங்களை முதலில் ஸ்கேன் எடுங்கள்.

செலோடேப் கறை போகாது. பசை இழைக்குள் இறங்கி இறுகிவிட்டது. கரைப்பான் போட்டுத் துடைத்தால் கறை பரவி எழுத்தையும் தின்னும். டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டிங்குகளைத் தனியாக வையுங்கள், அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். மதிப்புள்ளவை இருந்தால் தஞ்சை சரஸ்வதி மகாலின் பாதுகாப்புப் பிரிவில் காட்டி யோசனை கேட்கலாம்.

ஒடிந்த மடிப்பைச் சேர்க்க 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற பசை) தூள். தூளைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கட்டியில்லாமல் வரும். ஜப்பானிய டிஷ்யூவை (நீண்ட இழையுள்ள மெல்லிய தாள்) 1 செ.மீ. அகலப் பட்டையாகக் கிழியுங்கள், கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். கிழித்த ஓரத்தில் இழை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பிடிப்பு. பட்டையில் பசை தடவி, ஒரு நிமிஷம் பிளாட்டிங்கில் வைத்து அதிக ஈரத்தை எடுத்துவிட்டு, முக்கியமில்லாத பக்கத்தில் ஒட்டி, எண்ணெய்த்தாள் வைத்துப் பாரம் ஏற்றுங்கள்.

---

ஏடுகாப்பு

பூச்சி விஷயம். அந்துருண்டை பூச்சியை விரட்டும், முட்டையை ஒன்றும் செய்யாது. படிப்பகம் என்றால் பிள்ளைகளும் வருவார்கள். அந்த ஆவி சுவாசத்துக்கு நல்லதல்ல. காய்ந்த வேப்பிலை, வசம்பு எல்லாம் துணிப்பையில் கட்டிப் பெட்டி மூலையில் வைக்கலாம். தாளுக்கு இடையில் வைத்தால் கறைதான் மிச்சம். இவையும் விரட்டும் வேலைதான் செய்யும்.

இருக்கிற பூச்சியைக் கொல்ல டீப் ஃப்ரீசர் போதும். உறையிட்ட கட்டிங்குகளையும் நோட்டுகளையும் கனமான பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக்கி மூடுங்கள். −18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்த பிறகு பையை ஒரு முழு நாள் திறக்கவே கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். மூடியிருந்தால் பைக்கு வெளியேதான் வியர்க்கும். புதிதாக எது வந்தாலும் பெட்டியில் சேர்ப்பதற்கு முன் இந்தச் சுற்று முடியட்டும்.

பூச்சி ஈரத்தையும் பசையையும் தேடித்தான் வரும். பரணில் வைக்காதீர்கள், மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது. டிரங்குப் பெட்டியையே பயன்படுத்துவதானால் உள்பக்கத் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, வாசனை முழுக்கப் போகும் வரை சில வாரம் திறந்துவைத்து, பலகையின்மேல் தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கி வையுங்கள்.

ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டி பக்கத்தில் மாட்டுங்கள். விலை அதிகமில்லை. 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அது தாண்டத்தான் செய்யும். சிலிக்கா ஜெல் இறுக மூடும் பெட்டியில் மட்டுமே பயன் தரும். ஆரஞ்சு நிற வகையாக வாங்குங்கள். நீல வகையில் நச்சான கோபால்ட் சேர்ந்திருக்கும். நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில், சிறு தீயில், பழைய நிறம் திரும்பும் வரை வறுத்து, ஆறிய பின் பையில் கட்டித் திரும்ப வைக்கலாம். மடிப்பு நீக்குவது, ஒட்டுவது எல்லாவற்றையும் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மழைக்காலத்துக்குள் குண்டூசி, ஸ்டேப்பிள் எடுப்பதும் ஃப்ரீசர் சுற்றும் முடிந்தால் போதும்.